மேல் தாழ்ப்பாள்

தையல்காரி வீட்டுக் கதவுக்குப் பகலில் தாழ்ப்பாள் போடும் பழக்கமே கிடையாது. துணி கொடுக்க வருகிறவர்கள், வாங்க வருகிறவர்கள், அளவு சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் என்று ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கும் வீடு. வெளியே ஓடிவிட உள்ளே யார் இருக்கிறார்கள்? அவள் மகன் ஒன்பது வயதிலும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். கழுத்து நிற்காது, பேச்சும் கிடையாது. ஆனால் எல்லாரையும் கண்ணாலேயே வேலை வாங்கிவிடுவான். அதனால் அவனுக்கு மகாராஜா என்று பெயர். என்றைக்காவது இந்தப் பயல் எழுந்து வாசலைத் தாண்டி ஓட, பின்னாலேயே நானும் திட்டிக்கொண்டு ஓட மாட்டேனா என்று ஏங்கியே அவளுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

ரொட்டிக்கடைக்காரியின் ஏக்கம் நேர் எதிர். அவள் மகள் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும். எட்டு வயது, பேச்சு வரவில்லை, ஓட்டம் மட்டும் வந்தது. கதவு திறந்திருந்தால் காற்றாய்ப் பறந்துவிடும் அந்தப் பெண்ணுக்குக் காத்தாடி என்று பெயர் வைத்ததே தையல்காரிதான். இருவருக்கும் பழக்கம் பயிற்சி மையத்து வாசல் பெஞ்சில். உள்ளே பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும்போது அம்மாக்கள் வரிசையாக அந்தப் பெஞ்சில் காத்திருப்பார்கள். சொந்தபந்தமெல்லாம் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு நைசாக நழுவிக்கொண்ட பிறகு, இந்தப் பெண்களுக்கு மிஞ்சியது அந்தப் பெஞ்சுதான். அங்கே யாரும் யாரையும் பாவம் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அடி விழும்.

ரொட்டிக்கடைக்காரிக்குப் பல மாதமாகக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மாத்திரை போட்டு மாத்திரை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். மகளை விட்டுப் போக இடமில்லை. கடைசியில் கன்னம் பன் மாதிரி வீங்கிப்போன பிறகு, தையல்காரிதான் வம்படியாகக் காத்தாடியைத் தன் வீட்டுக்கு வரவழைத்தாள்.

"தாழ்ப்பாள் போட்டுக்கோ, மறந்துடாதே," என்றாள் ரொட்டிக்கடைக்காரி, வாசலில் நின்றுகொண்டு, போக மனசில்லாமல். "ஓடிட்டாள்னா பேரைச் சொல்லிக் கத்தாதே. கத்தினா காதைப் பொத்திக்கிட்டு இன்னும் ஓடுவா. துரத்தவும் கூடாது. கீழ உட்காந்துடு. அவளா வருவா."

"அடடா, போயிட்டு வா. பல்லைப் பிடுங்கத்தானே போறே, கப்பல் ஏறவா போறே?"

தாழ்ப்பாள் போட்டாள். போடாமல் இல்லை. காத்தாடியும் சமர்த்தாக மகாராஜாவின் நாற்காலி பக்கத்தில் குந்திக்கொண்டாள். அவளுக்குச் சக்கரம் என்றால் பைத்தியம். நாற்காலியின் பிரேக்கை 'டக்'கென்று எடுத்துவிட்டு, பெரிய சக்கரத்தை முன்னும் பின்னுமாய் உருட்டி, கம்பிகளில் விரலை ஓட்டுவாள். டிரிங் என்று சத்தம் வரும். மகாராஜா வாயைத் திறந்து சிரிப்பான். தையல்காரி ஒவ்வொரு தடவையும் தைப்பதை விட்டு எழுந்துபோய் பிரேக்கைத் திரும்பப் போடுவாள். நாற்காலியைக் கடந்தாலே அவள் கை தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் போடும்.

அப்புறம் ஒரு பெண் பள்ளிச் சீருடை வாங்க வந்தாள். கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவை வெறுமனே சாத்தினாள் தையல்காரி, இத்தனை வருஷமும் சாத்தியதுபோல. பிரேக் போடத் தெரிந்த அந்தக் கைக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மகாராஜாவுக்குச் சளி அடைத்து இருமல் வந்தது. நாற்காலியோடு உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய், முகவாயைத் தூக்கிப் பிடித்து, முதுகைத் தட்டி, வாயைத் துடைத்து, வெளியே வந்தால் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் யாரும் இல்லை.

மேஜைக்கு அடியில் பார்த்தாள். துணிக்குவியலைக் கலைத்துப் பார்த்தாள். வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பெஞ்சில் மூத்தவளான பெரியக்காவுக்குப் போன் போட்டாள். பெரியக்காவின் மகன் அவளைவிட உயரமாக வளர்ந்துவிட்டவன், சின்ன வயதில் ஓடாத ஓட்டமில்லை.

"அக்கா, காத்தாடியைக் காணோம். கதவை நான்தான்..."

"அழாதே. அழ அப்புறம் நேரம் இருக்கு. பக்கத்துல தண்ணி எங்க இருக்கு?"

"தண்ணியா? எதுக்குக்கா?"

"நம்ம பிள்ளைங்களுக்குத் தண்ணின்னா உயிர். ரோட்ல நின்னா நாலு பேர் கண்ல படும். தண்ணில விழுந்தா சத்தமே வராதுடி. எங்க இருக்கு, சொல்லு!"

"தெருக்கோடில பாதி கட்டின கட்டடம்... தொட்டி ஒண்ணு..."

"ஓடு. நான் எல்லாருக்கும் சொல்றேன்."

மகாராஜாவைத் தனியாக விடமுடியாது. தலை தொங்கி மூச்சு அடைத்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். நாற்காலியையும் தள்ளிக்கொண்டு ஓடினாள். எதிர்வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்டார். ஓடிக்கொண்டே சொன்னாள். அவர் அடுத்த வீட்டில் சொன்னார். நல்ல மனிதர்கள்தான், உடனே தெருவெல்லாம் "காத்தாடீ! காத்தாடீ!" என்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கத்தக்கூடாது என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அப்போது எதுதான் தோன்றியது?

கட்டடத்தில் வேலை நின்றுபோய் வெகு நாளாகியிருந்தது. மணல்மேடு, துருப்பிடித்த கம்பிகள், அதையெல்லாம் தாண்டிச் சரிவாக ஒரு சிமெண்டுத் தரை, சரிவின் முடிவில் மூடியில்லாத தொட்டி. தண்ணீர் பச்சைப் பசேல் என்று கிடந்தது. அடி தெரியவில்லை. விளிம்பின் ஓரமாக ஒரு மஞ்சள் செருப்பு மிதந்தது. ஒரு கால் செருப்பு.

அதற்கப்புறம் தான் என்ன செய்தோம் என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. நாற்காலியைச் சரிவின் மேலே நிறுத்தியது கை, பிரேக்கைப் போட்டதும் கைதான். அவளுக்கு நீச்சல் தெரியாது. தொட்டிச் சுவரில் பதித்திருந்த கம்பிப்படிகளைப் பிடித்து இறங்கினாள். தண்ணீர் மார்பு வரை வந்தது. காலால் துழாவினாள். ஏதோ மெத்தென்று இருந்தது. உயிரே போய்விட்டது அவளுக்கு. மூச்சைப் பிடித்துக் குனிந்து இழுத்தால், ஊறிப்போன சிமெண்டுச் சாக்கு. இன்னும் ஓர் அடி. இன்னும் ஓர் அடி. அவ அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன், எப்படி முழிப்பேன் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

டிரிங்.

நிமிர்ந்தாள். மேலே, நாற்காலியின் பக்கத்தில், ஒற்றைக் கால் செருப்போடு குந்தியிருந்தாள் காத்தாடி. உடம்பெல்லாம் மணல். மேட்டுக்குப் பின்னால் எங்கேயோ இருந்திருக்கிறாள், சக்கரத்தைப் பார்த்ததும் வந்துவிட்டாள். கம்பிகளில் விரல் ஓடிக்கொண்டிருந்தது. மகாராஜா சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நொடிதான் தையல்காரிக்கு மூச்சு வந்தது. மறுநொடி 'டக்' என்று கேட்டது.

பிரேக்கை எடுத்துவிட்டாள்.

இப்போது அந்த நாற்காலியை நிறுத்தி வைத்திருந்தது காத்தாடியின் இரண்டு சின்னக் கைகள்தான். தையல்காரிக்கு அலறவேண்டும்போல் இருந்தது. அலறினால் அவள் ஓடிவிடுவாள், நாற்காலி நேராக இங்கே வரும். நாற்காலியோடு சேர்த்து வாரால் கட்டப்பட்டிருக்கிற பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் சலசலக்காமல், கம்பிப்படிகளை நோக்கி நகர்ந்தாள். ஒரு படி. பாசி வழுக்கியது. இன்னொரு படி. காத்தாடி சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே விட்டாள், கொஞ்சம் பின்னே இழுத்தாள். ஆண்டவா, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு.

"காத்தாடீ!" தெருச்சத்தம் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டது. "ஏய், அதோ! காத்தாடீ!"

அந்தப் பெண் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். சக்கரத்தில் கை இல்லை. நாற்காலி உருண்டது.

தையல்காரி பாதி உடம்பு தண்ணீரிலும் பாதி விளிம்பிலுமாகக் கையை நீட்டினாள். முன்சக்கரம் அவள் விரல்கள்மேல் ஏறி நின்றது. வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை. மகாராஜாவின் பாதம் அவள் நெற்றியில் இடித்தது. இன்னொரு கை கால்பலகையைப் பற்றிக்கொண்டது. அப்படியே கிடந்தபடி அவள் பார்க்கையில், காத்தாடி வீறிட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து ஓடினாள். அந்தப் பக்கம் பெரிய ரோடு. பிடிக்க அவளுக்கு மூன்றாவது கை இல்லை.

கத்துகிற கூட்டத்துக்கு நடுவே ஒருத்தி மட்டும் கத்தவில்லை. கத்த முடியாது. வாய் நிறையப் பஞ்சு, பாதி முகம் மரத்துப்போயிருந்தது. பெரியக்கா சொல்லி, பல் டாக்டர் வீட்டிலிருந்து நேராக ஓடிவந்திருந்தாள் ரொட்டிக்கடைக்காரி. மகளைப் பார்த்ததும் நின்றாள். அப்படியே புழுதியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காத்தாடி அத்தனை கூச்சலையும் விட்டு விலகி, அந்த ஊமை மடியில் போய் விழுந்தாள்.

நாற்காலியை யாரோ பின்னால் இழுத்தார்கள். தையல்காரியை யாரோ தூக்கிவிட்டார்கள். விரல்கள் நசுங்கி ரத்தம் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் கால்பலகையை விடமாட்டேன் என்றன. ஈரம் சொட்டச் சொட்ட, நாற்காலியையும் இழுத்துக்கொண்டு, ரொட்டிக்கடைக்காரியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான். கதவைச் சும்மா சாத்திட்டேன். என்னை அடி."

அடித்தாள். தோளில் இரண்டு அடி, பலமாகவே. அப்புறம் அந்த நசுங்கிய விரல்களைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். அவளுக்கும் எல்லாம் புரிந்தது. மகளை இறுக்கிக்கொண்டு, பஞ்சைத் துப்பிவிட்டு, கோணல் வாயால் ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"வியாழக்கிழமை பல்லு பிடுங்கின இடத்துல போட்ட தையலைப் பிரிக்கணும். அன்னிக்கும் உன்கிட்டதான் விடுவேன்."

"வேணாம். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? குலை நடுங்குது. ஆனா உன்னை விட்டா யாரு இருக்கா எனக்கு?"

இருவரும் அழுதார்கள். எதிர்வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மஞ்சள் செருப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலையில் கார்பெண்டர் வந்தார். தையல்காரியின் கையில் பெரிய கட்டு. மிஷினைத் தொட முடியாது, சும்மா நிற்கவும் முடியவில்லை. கதவு கிரீச்சிட்டால்கூட அவளுக்கு நெஞ்சு திடுக்கென்றது. கதவின் உச்சியைக் காட்டி, அங்கே ஒரு தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னாள். அவர் கதவைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த மகாராஜாவின் காலைப் பார்த்தார்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்ல யாரும்மா ஓடப்போறாங்க?"

"எங்க பொண்ணு ஒருத்தி இருக்கா," என்றாள் தையல்காரி. "வியாழக்கிழமை வருவா. நல்லா உயரத்துல அடிங்க."