கிரீஸ் வைத்த லேப்டாப்

செங்கொடி முதல் மாதிரி வகுப்பில் தோற்றது கணக்கு தெரியாமல் அல்ல. எட்டாவது நிமிடத்தில் அவள் முகம் திரையில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. குரல் மட்டும் துண்டு துண்டாகப் போனது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போகவில்லை.

ஆன்லைனில் பாடம் நடத்தும் கம்பெனிக்கு ஆசிரியர்களைத் தேர்வு செய்கிற அனிஷா மேடம் பிறகு போனில் கூப்பிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். "நல்லா சொல்லித் தர்றீங்க. ஆனா வீடியோ இப்படித் திக்கித் திக்கி வந்தா பசங்க ஓடிடுவாங்க. அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு தடவை பாக்கலாம். அதுதான் கடைசி."

கணக்கில் பட்டம், அதற்கு மேல் பி.எட். இரண்டையும் வைத்துக்கொண்டு செங்கொடி மணலியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணி நேரம் நின்றபடி. அங்கே சூப்பர்வைசருக்கு மட்டும்தான் நாற்காலி. மாலையில் கழற்றிய செருப்புக்குள் கால் திரும்ப நுழையாது. இந்த வகுப்பு வேலை கிடைத்தால் படித்த படிப்பைச் சொல்லிச் சம்பாதிக்கலாம். கிடைக்காவிட்டால் லேபிள்தான்.

முதலில் நெட்டைத்தான் சந்தேகப்பட்டாள். சிம்மை மாற்றினாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியின் நாலு மூலைக்கும் நடந்தாள். எண்ணூரில் அவர்கள் குடியிருந்த நெட்டுக்குப்பத்தில் பாதிப் பேர் அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மாலை லேப்டாப்பிலேயே கிடந்த சித்தி மகளின் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளை கையிலிருந்த மாலை அந்தரத்தில் நின்றது. விட்டு விட்டு நகர்ந்து, ஒரு வழியாகப் பெண்ணின் காதில் மாட்டி மறுபடி நின்றது. இதற்கு நெட்டே வேண்டாமே. அப்போது கோளாறு பெட்டிக்குள்.

மடியில் இருந்த லேப்டாப் தொடையைச் சுட்டது. எட்டு வருடத்துப் பெட்டி அது.

"இன்னாமே, தொடைல தோசை சுட்டுகினு கீற?" என்றபடி பாஸ்கர் உள்ளே வந்தான். அவள் புருஷன். மீன்பிடி போட்டுகளின் பின்னால் மாட்டுகிற இன்ஜின்களை ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டை ஒட்டியே ஷெட்டு.

"யோவ், நக்கல் பண்ணாம தொட்டுப் பாரு."

பாஸ்கர் கீழே தொடவில்லை. பக்கவாட்டில் இருந்த துவாரத்தில் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தான்.

"போட்டு இன்ஜின் ஓட சொல்லோ சைடுல தண்ணி துப்பும், பாத்துகீறல்ல? துப்பலன்னா உள்ள அட்ச்சிகினு கீதுன்னு அர்த்தம். இது காத்து துப்பணும். துப்பல. அவ்ளோதான் மேட்டரு."

"அப்ப கடைல குட்த்துடலாம். கல்மண்டபத்துல அண்ணாச்சி கீறாரு."

"நான் இன்னா செத்தா பூட்டேன்? அம்மாம் பெரிய இன்ஜின பிரிச்சி மாட்டுறவன் நானு. இந்த தம்மாத்தூண்டு டப்பாவ இன்னொர்த்தன் கைல குடுப்பனா?"

புதன்கிழமை மாலை ஷெட்டில் பிரித்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஓர் அட்டையில் லேப்டாப்பின் படத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தான். உள்ளே விசிறிக்குப் பக்கத்தில், காற்று வெளியேற வேண்டிய தகடுகளுக்கு நடுவே சாம்பல் அடைத்திருந்தது. அனல்மின் நிலையம் இருக்கிற எண்ணூரில் எது எங்கே கிடந்தாலும் அதன்மேல் சாம்பல் படியும். இது படியவில்லை, கம்பளித் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. பல் தேய்க்கும் பிரஷால் சுரண்டி, சைக்கிள் பம்பால் ஊதினான். செங்கொடி இரண்டு முறை தும்மினாள்.

நடுவில் ஒரு செப்புத் தகடு. அதன் நாலு திருகாணிகளையும் கழற்றித் தூக்கினான். அடியில் காய்ந்து வெடித்த சாம்பல்நிறப் பூச்சு இருந்தது.

"பாத்தியா? கிரீஸ் காஞ்சி பூட்ச்சி. சூடாவாம இன்னா செய்யும்?"

அங்கேதான் பாஸ்கர் சறுக்கினான். அவன் தொழிலில் கிரீஸ் குறைந்து செத்த இன்ஜின்களைப் பார்த்திருக்கிறான். கிரீஸ் அதிகமாகிச் செத்ததாக ஒன்றையும் பார்த்ததில்லை. ஷெட்டிலிருந்த மஞ்சள் கிரீஸ் டப்பாவில் கட்டை விரலை விட்டு ஒரு தோண்டு தோண்டினான். அப்பியது போதாது என்று இன்னொரு தோண்டு. தகட்டை வைத்து முறுக்கினான்.

லேப்டாப் போட்டதும் எழுந்தது. கல்யாண வீடியோவில் மாலை ஒரே வீச்சில் பெண்ணின் கழுத்தில் விழுந்தது. பாஸ்கர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீ கேட்டான். டீ வருவதற்குள் ஷெட்டில் கோயில் தேருக்கு மசகு போட்டது போல ஒரு வாசனை கிளம்பியது. வீடியோவில் பந்திக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றார். பிறகு திரை கறுத்தது. பக்கத்துத் துவாரத்திலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

செங்கொடி டீயை அவன் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தாள்.

"இன்னாமே, சொம்மா மொறைக்கிற?"

"ஒண்ணியும் இல்ல. வெள்ளிக்கிழம அண்ணாச்சி கடைக்கு போறோம்."

"போறோமா? நான் எதுக்கு?"

"பைக்க உங்கப்பனா வந்து ஓட்டுவாரு?"

கல்மண்டபத்தில் அண்ணாச்சி சுடலைராஜின் லேப்டாப் ரிப்பேர் கடை ரொம்பச் சின்னது. இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் ரோட்டில்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ராயபுரத்தில் கழித்தும் சுடலைராஜின் பேச்சு ஊரை விட்டு நகரவில்லை. பாஸ்கர் உள்ளே வரவில்லை. வெளியே பைக்கில் உட்கார்ந்து, கன்டெய்னர் லாரிகளை இதுவரை பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கொடி லேப்டாப்பின் உறையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தாள். சுடலைராஜ் திறந்தார். தகட்டைத் தூக்கினார். அப்படியே நின்றார்.

"ஏம்மா, இது என்னதுமா? லாரி ஆக்சிலுக்கு வைக்கிற கிரீஸ்லா இது!"

"போட்டு இன்ஜினுக்கு வெக்கிறது, அண்ணாச்சி."

"வச்ச மகராசன் யாரு?"

செங்கொடி தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். பாஸ்கர் அந்த நேரம் பார்த்து ஒரு லாரியின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குன்னு பேஸ்ட் இருக்கும்மா. பட்டாணிய விடச் சின்னதா ஒரு சொட்டு. சிப்புல இருக்க சூட்ட தகட்டுக்குக் கடத்துறதுதான் அதோட வேல. இப்படி வடைக்கு மாவு அப்புன மாதிரி அப்புனா சூடு எங்க போவும்?"

"சூடாச்சின்னா வீடியோ ஏன் அண்ணாச்சி திக்குது?"

"உங்க அய்யா என்ன வேல பாத்தாவ?"

"ஆர்பர்ல மூட்ட தூக்குனாரு."

"உச்சி வெயில்ல மூட்டையோட ஓடுவாவளா? நடைய கொறைப்பாவல்லா? அதுதான். சூடு ஏறுனா இதுவும் உசுர காப்பாத்திக்க வேகத்த கொறச்சிரும். வீடியோவுக்கு அந்த நட பத்தாது, நின்னு நின்னு வரும்."

வழித்து எடுத்த கிரீஸை ஒரு தினத்தந்தித் துண்டில் மடித்து வைத்தார். ஸ்பிரிட்டால் துடைத்தார். ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து சாம்பல்நிறப் பேஸ்டை ஒரு சொட்டு வைத்துத் தகட்டை மூடினார். பிறகு விசிறியை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"இத யாரு சுத்தம் பண்ணா? அவருதானா? நம்ம கடையிலகூட இவ்வளவு சுத்தமா செஞ்சதில்ல. ஒரு இடத்துலதான் மனுசன் கவுந்துட்டாரு."

அரை மணி நேரம் கல்யாண வீடியோ ஓடியது. மாலை விழுந்தது, சாம்பார் ஊற்றினார்கள், யாரோ ஒரு மாமா மேடையில் ஆடினார். எதுவும் திக்கவில்லை. செங்கொடி மூச்சு விட்டு, ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்புக்கு உறையை மாட்ட ஆரம்பித்தாள்.

"நில்லும்மா. அது என்னது?"

"சட்ட, அண்ணாச்சி. நானே தெச்சேன். எங்க வூட்ல சாம்பல் தாங்காது. டி.வி, மிக்ஸி, தண்ணி கொடம் எல்லாத்துக்கும் துணி போட்டுதான் வெச்சிகீறோம். இதுக்கு உள்ள பஞ்சு வெச்சி தெச்சேன்."

சுடலைராஜ் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தார். பூப்போட்ட துணி, அழகான தையல். அடிப்பக்கத்துத் துவாரங்களையும் பக்கத்துத் துவாரத்தையும் ஓர் இடைவெளி விடாமல் மூடியிருந்தது.

"இத மாட்டிக்கிட்டா பாடம் எடுத்தீய?"

"மேசைல வெக்க சொல்லோ எப்பவும் மாட்டிகினுதான். மேல தெறந்துதான கீது?"

"மூக்கையும் வாயையும் பொத்திட்டு கண்ண மட்டும் தொறந்து வச்சிருக்கீய தாயி!"

பாஸ்கர் வந்துவிட்டான். மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத கடைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தான். அன்றைக்கு அவன் பிரிப்பதற்கு முன்பே செங்கொடி லேப்டாப்பின் சட்டையைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டதால் அது அவன் கண்ணில் விழவே இல்லை.

"இன்னா அண்ணாச்சி சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு. சட்டையாலயா சூடு?"

"யோவ், வெளிய போ" என்றாள் செங்கொடி.

"மூணு நாளா என்னிய மனுசனா மதிக்கல அண்ணாச்சி இவ! டீய தரைல வெக்கிறா! பஞ்சு மெத்த தெச்சி போத்துனவ இவ, பழி மட்டும் கிரீஸ் மேல!"

"ஓய், ரெண்டு பேரும் சேந்துதான் இத கொல்லப் பாத்திருக்கீய" என்றார் சுடலைராஜ். "அம்மா பொத்துனாவ, அய்யா அப்புனாவ. அது பிழைச்சதே பெருசு."

முதலில் சிரித்தது செங்கொடி. வீடு திரும்புகிற வழியெல்லாம் பாஸ்கர் அந்தப் பஞ்சு சட்டையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டினான். எண்ணூர் நெடுஞ்சாலையில் பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு லேப்டாப் மேசையில் வெற்றுடம்போடு உட்கார்ந்தது. அடியில் காற்றுப் போக நாலு மூலைக்கும் நாலு பாட்டில் மூடி. வெளியே, ஷெட்டில், வேறொரு பிரச்சினை. கடலிலிருந்து திரும்பிய போட்டுகளின் இன்ஜின்கள் நாலு ரிப்பேர் முடிந்து, தண்ணீர் நிரப்பிய டிரம்களில் தொங்கிக்கொண்டிருந்தன. கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்த்தால்தான், வந்து காத்திருந்த சொந்தக்காரர்கள் நாலு பேரும் கொண்டுபோக முடியும். ஓட்டினால் பேசுகிறவன் வாய் அசைவதுதான் தெரியும்.

"பதினொன்ற வரிக்கும் எவனும் கவுற இழுக்கக் கூடாது" என்றான் பாஸ்கர்.

"இன்னா மாமு, வூட்ல எழவா?" என்று கேட்டான் ஜெயவேல். முதல் டிரம்மில் இருந்தது அவன் இன்ஜின். மதியம் கடலுக்குப் போகிறவன்.

"பரிச்ச. அவளுக்கு. குந்து."

பதினோரு மணிக்கு அனிஷா மேடம் திரையில் வந்தார். ஏற்றக் கோணம் நடத்தச் சொன்னார். செங்கொடி பலகையில் முக்கோணம் போட்டாள். எட்டாவது நிமிடம் வந்தபோது அவள் கண் தன்னையறியாமல் மூலையில் தெரிந்த தன் முகத்துக்குப் போனது. வாய் அசைந்தது. கை அசைந்தது. ஒன்பதாவது நிமிடமும் அசைந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. புத்தகத்தில் இருந்த கலங்கரை விளக்கத்தை விட்டுவிட்டு, லேப்டாப்பையே இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு.

"இதோட உயரத்த ஏறாம எப்படி அளக்குறது? நான் நிக்கிற இடத்துல இருந்து அதுக்கு எவ்வளவு தூரம்னு தெரியும். என் கண்ணுல இருந்து உச்சிக்குப் போற கோணத்த அளந்துடலாம். மிச்சத்த கணக்கு பாத்துக்கும்."

"மேடம்" என்றார் அனிஷா, "அங்க புகை மேல போறது கொஞ்சமும் திக்காம அப்படியே தெரியுதே."

பதினொன்றரைக்கு அவர் இன்னொன்று கேட்டார். அடுத்துத் தேர்வுக்கு வரவேண்டியவர் வரவில்லை. இன்னும் கால் மணி நேரம், ஒரு மாணவி கேட்பது போலத் தான் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியுமா? செங்கொடி லேப்டாப்பின் அடியைத் தொட்டாள். டீ கிளாஸ் மாதிரி சூடு, பிடிக்க முடிகிற சூடு. "கேளுங்க மேடம்" என்றாள்.

வெளியே ஜெயவேல் எழுந்து கயிற்றில் கையை வைத்தான்.

"மணி ஆச்சி மாமு."

பாஸ்கர் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, ஜெயவேலின் இன்ஜின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். டிரம்மிலிருந்து தண்ணீர் வழிந்து லுங்கி நனைந்தது.

"எறங்கு மாமு, கடலுக்கு லேட்டாவுது."

"கடல் எங்கியும் பூடாது. குந்து."

"நீ எறங்க மாட்ட?"

"மாட்டேன்."

ஜெயவேல் குந்தினான். மற்ற மூன்று பேரும் சிரிப்பை அடக்க லுங்கியைக் கடித்துக்கொண்டார்கள்.

பதினொன்றே முக்காலுக்குச் செங்கொடி வாசலுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. பாஸ்கர் இன்ஜின்மேல் உட்கார்ந்தபடியே, "இன்னா ஆச்சி? நின்னுகிச்சா?" என்று கேட்டான்.

"ஒரு தபாகூட நிக்கல. திங்கக்கிழம ஆறு மணிக்கி மொத கிளாஸ்."

பாஸ்கர் குதித்து இறங்கினான். அவன் இறங்கியதுதான் தாமதம், ஜெயவேல் கயிற்றை இழுத்தான். அவனைப் பார்த்து மற்ற மூன்று பேரும் இழுத்தார்கள். ஒரு மணி நேரம் அடக்கி வைத்த நாலு இன்ஜின்களும் ஒன்றாகக் கத்தின. பாஸ்கர் என்னமோ சொன்னான், கேட்கவில்லை. செங்கொடி என்னமோ சொன்னாள், அதுவும் கேட்கவில்லை.

ஜெயவேல் காதருகே வந்து கத்தினான். "அண்ணி! என் பொண்ணுக்கு கணக்கே வரமாட்டன்னுது! அவளையும் சேத்துக்கறியா?"

"அனுப்பு!" என்று செங்கொடியும் கத்தினாள். "மொதல்ல அந்த இன்ஜின நிறுத்து!"