மெழுகுக்குப் போன குரல்

1971 மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒஹாயோவின் பெக்ஸ்டன் ஊர்த் தேவாலயத்தில், பக்கத்து இருக்கைக்காரியை நலம் விசாரிக்க வெர்னா ஹாஸ்கின்ஸ் வாயைத் திறந்தாள். எண்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆணின் குரல் வெளியே வந்தது. "அடுத்து, வெர்னா ஹாஸ்கின்ஸ் வழங்கும் நலம் விசாரிப்பு!" என்று அது கத்தியது. பாதிரியார் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போட்டார்.

அவள் கணவன் டெல்பர்ட்டுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மெழுகு உருளைகளில் பாடும் பழைய போனோகிராஃப் பெட்டிகளை முப்பது வருஷமாகச் சேர்ப்பவன் அவன். வீட்டில் அறுபத்தேழு பெட்டிகள் இருந்தன, குளியல் தொட்டியில் மட்டும் ஒன்பது. அந்தக் காலத்து உருளைகளில், பாட்டு தொடங்குமுன் அதன் பெயரை ஓர் ஆள் தொண்டை கிழியக் கத்துவான். முந்தின நாள் பூஞ்சை பிடித்த உருளை ஒன்றை, புதிதாகக் குரல் பதிக்கலாமென்று, டெல்பர்ட் சமையல் மேசையில் வைத்துச் சீவினான். பாட்டைப் பூஞ்சை தின்றிருந்தது, கத்தல் மட்டும்தான் மிச்சம். தூளைப் பெருக்கிய வெர்னா, அது மூக்கில் ஏறி, அந்த உருளை மேலேயே மூன்று முறை தும்மினாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த உருளையைப் பெட்டியில் மாட்டி ஊசியை வைத்தான். சீவிய உருளையில் ஒன்றுமே கேட்டிருக்கக்கூடாது. வெர்னாவின் குரல் கேட்டது.

"டெல்பர்ட், சூப் ஆறுது. டெல்பர்ட், உன் தங்கச்சி ரெண்டு தடவ போன் பண்ணிட்டா. டெல்பர்ட், மார்ல கட்டி மாதிரி தட்டுப்படுது, வியாழக்கெழம டாக்டர்கிட்ட கூட வர்றியா? டெல்பர்ட்?"

அவன் ஊசியைத் தூக்கினான். "இத எப்போ சொன்னே?"

"அடுத்து, போன அக்டோபர்!" என்று கத்தினாள் எதிரே நின்ற வெர்னா. "நானே பஸ் ஏறிப் போயிட்டு வந்தேன். வெறும் கொழுப்புக் கட்டியாம். நீ பெட்டிக்கு எண்ண போட்டுட்டு இருந்தே."

டெல்பர்ட் கத்தியை எடுத்தான். "மறுபடி சீவித் தர்றேன், தூள மோந்துக்கோ. உன் கொரலு திரும்பிடும்."

கத்தியை அவள் பிடுங்கிக்கொண்டாள். "அடுத்து, வேணவே வேணாம்! அந்தக் கொரல்ல கூப்பிட்டா நீ திரும்ப மாட்டே. இதுக்குப் பாதிரியாரே திரும்புனாரு."

ஆகஸ்ட் கண்காட்சியில் பன்றி ஓட்டப் பந்தயத்தை அறிவிக்க ஊரார் அவளையே கூப்பிட்டார்கள். பிறகு வேறு யாரையும் கூப்பிட்டதில்லை. ஊசி ஓடும்போதெல்லாம் மெழுகு தேயும் என்பதால் டெல்பர்ட் அந்த உருளையை வருஷத்துக்கு ஒரே தடவைதான் போடுவான். ஒவ்வொரு பேச்சுக்கும் எழுந்து நின்று பதில் சொல்வான். பத்தாம் வருஷம் டாக்டர் கேள்வி தேய்ந்து வெறும் இரைச்சலானது. அந்த இரைச்சலுக்கும் எழுந்து, "வர்றேன் வெர்னா," என்று தொப்பியை எடுத்தான்.