நாணல் கதிர்க்குருவிக்குப் பெண் கொடுத்தேன்

செவ்வாய்க்கிழமை என் மகள் வடிவைப் பெண் பார்க்க நாணல் கதிர்க்குருவி வந்தது. அந்த இனத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கூடவே பறவைக் காப்பு அலுவலகத்திலிருந்து செல்லத்துரை வந்திருந்தார். குருவி மின்விசிறியின் இறக்கையில் உட்கார்ந்துகொண்டதால் விசிறியைப் போட முடியவில்லை. எல்லோருக்கும் வியர்த்தது.

குளத்து நாணலை முக்கால்வாசி அழித்துவிட்டார்கள் என்றார் செல்லத்துரை. இருக்கிற மூலையில் இது மூன்று வருடமாக ஜோடியைக் கூப்பிட்டுப் பாடுகிறதாம். பதிலே இல்லையாம்.

"வேற வழியில்ல அண்ணாச்சி. அதான் மனுசங்ககிட்ட கேக்கோம்."

வீட்டில் நானும் வடிவும் மட்டும்தான். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் குருவி பாடியது. கரகரப்பான சின்னப் பாட்டு. பாதியில் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டது.

"நான் போறேம்ப்பா" என்றாள் வடிவு.

அன்றிலிருந்து அவள் எடை குறைந்தது. அவள் வேலை பார்த்த மருந்துக்கடையின் எடை இயந்திரம் முதலில் முள்ளை அசைப்பதை நிறுத்தியது. கடைசியில் நகைக்கடைத் தராசில்தான் நிறுக்க முடிந்தது. பதினோரு கிராம். குருவிக்குச் சரியான எடை என்றார் செல்லத்துரை.

சட்டைப் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனேன். நடத்துநர் அரை டிக்கெட் கிழித்தார். குளக்கரையில் அவளை உள்ளங்கையில் எடுத்தேன்.

"யப்பா, சுகர் மாத்திரைய மறந்துராதீங்க."

அதன்பிறகு அவள் பேசவில்லை. நாணலுக்குள் பறந்து போனாள்.

வீட்டில் அவள் அறை தினமும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. கதவிலிருந்து கட்டிலுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. ஒருநாள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆடி மாதம் செல்லத்துரை தொலைபேசியில் அழைத்தார். நான்கு குஞ்சுகள் பொரித்திருப்பதாகவும் இனம் பிழைத்துவிட்டதாகவும் சொன்னார். பார்க்கலாமா என்று கேட்டேன். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்றார்.

போனோம். நாணல் நுனியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. பழுப்பு நிறம். என்னையே பார்த்தது. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அது டக், டக் என்று இரண்டு முறை கத்தியது. நாணல் முழுவதும் சட்டென்று அடங்கியது.

"என்ன சொல்லுதா?"

செல்லத்துரை குரலைத் தாழ்த்தினார்.

"ஆள் வந்திருக்கு, அசையாம இருங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுது அண்ணாச்சி. நல்லா வளக்குது."

நான் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அவளைப் பயமுறுத்திவிடாமல், மெல்லப் பின்னோக்கி நடந்து கரையை விட்டு இறங்கினேன்.