ஆத்தாவும் சத்து ஊசியும்

டாக்டர் வைத்தீஸ்வரன் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். தொண்ணூற்று நாலில், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவருடைய சத்து ஊசிக்கு ஏக கிராக்கி. கார்மென்ட்ஸில் மெஷின் மிதித்து விரல் மரத்துப்போன பெண்களெல்லாம் அங்கேதான் வருவார்கள். பாஞ்சாலிக்கு இது மூன்றாவது ஊசி.

முதல் ஊசி போட்ட சாயங்காலமே உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று தடிப்பு. அரிப்பு பிடுங்கியது. பார்த்த மாத்திரத்தில் புருஷனின் தங்கை ரூபினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, ஆத்தா வந்திருக்கா! அம்மைதான். வாசல்ல வேப்பிலை சொருகறேன். ஊசி, மாத்திரைன்னு எதையும் தொட்டுடாதீங்க, கோவிச்சுக்குவா."

தொட்டாகிவிட்டதே! ஊசி போட்ட சங்கதியைப் பாஞ்சாலி அப்படியே முழுங்கிவிட்டாள். மறுநாள் தடிப்பு மாயம்.

"வந்த வேகத்துல போயிட்டா. உங்க மேல பாசம்," என்றாள் ரூபினி.

இரண்டாவது ஊசிக்கு ஆத்தா இன்னும் வேகமாக வந்தாள். உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது.

"ஏதோ குத்தம் பண்ணியிருக்கீங்க அண்ணி!"

வீட்டில் ஊசியைச் சொல்ல முடியாது. டாக்டரிடம் அம்மையைச் சொன்னால், அந்த உடம்போடு இங்கே வந்தாயா என்று விரட்டிவிடுவார். ஊசி இல்லாவிட்டால் விரல் மரக்கும், தையல் கோணும், வேலை போகும்.

"கையைக் காட்டும்மா."

பஞ்சு ஜில்லென்று பட்டது. ஊசிமுனை நெருங்கியது. இந்தத் தடவை மூச்சு திரும்பி வராவிட்டால்?

"நில்லுங்க டாக்டர்! எனக்கு ஆத்தா வந்துச்சு. ரெண்டு தடவை."

"ஏனாயித்து?" வெளி பெஞ்சிலிருந்து ஒரு குரல், என்ன ஆச்சு என்று கன்னடத்தில் விசாரித்தது.

டாக்டர் விரட்டவில்லை. "எப்ப வந்தா?"

"ஊசி போட்ட அன்னிக்கே."

"ரெண்டு தடவையுமா? எப்ப போனா?"

"மறுநாளே."

ஊசி ட்ரேக்குத் திரும்பியது. டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மை ஒரே நாள்ல மூட்டை கட்டாதும்மா. இந்த மருந்து உனக்கு அலர்ஜி. இன்னொண்ணு போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. முதல்லயே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டிருக்கணும்," என்றார் மெதுவாக. "இனி எந்த டாக்டர் ஊசி எடுத்தாலும் முதல்ல இதைச் சொல்லு. விரலுக்கு வேற வழி பாப்போம்."

வீட்டு வாசலில் வேப்பிலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். ரூபினி வாயில் கை வைத்தாள்.

"ஐயையோ, வராதவ மேல பழி போட்டுட்டோமே அண்ணி! கூழ் ஊத்திடணும்."

"ஊத்திடு," என்று பாஞ்சாலி சிரித்தாள். "கூழ் எனக்கு ஒத்துக்கும்."