ஒத்திகையில் செத்தவர்கள்

அந்த வருடத்துப் பாதுகாப்பு ஒத்திகையில் செத்தவர்கள் மாலையாகியும் எழுந்திருக்கவில்லை. கடைத்தெருச் சதுக்கத்தில், பேருந்து நிறுத்தத்துக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்க, சொல்லிக் கொடுத்தபடி மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்தவர்கள் அப்படியே கிடந்தார்கள். மூச்சு இருந்தது, நாடி இருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. தூக்கிவிடப் போனவர்களால் தூக்க முடியவில்லை. ஒல்லியான தையற்காரர் ஒருவரை அவருடைய தெருவே திரண்டு வந்து இழுத்துப் பார்த்தது; கடைசியில் செருப்பு மட்டும் கையோடு வந்தது. அன்று மழையும் பெய்தது. சுற்றிலும் தரை நனைந்து ஓடியது, அவர்கள் நனையவில்லை. சதுக்கத்தின் வழியே லாரி வர முடியாததால் அந்த வாரம் வெங்காய விலை கொஞ்சம் ஏறியது.

படுத்திருந்தவர்களில் ஒருத்தி அரசுத் தலைமை அலுவலகத்து லிஃப்ட்காரரின் மகள். செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்த இடத்திலிருந்து எல்லோரையும் ஒத்திகைக்குக் கேட்டிருந்தார்கள். முதலில் அவளைக் காயம்பட்டவர்களோடுதான் சேர்த்திருந்தார்கள். காயம்பட்டவர்கள் மேல் விஷம் கழுவுவதற்காகக் குழாயால் தண்ணீர் அடிப்பார்கள் என்றும், அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு நிறையச் சளி என்றும் அம்மா புலம்பியதைக் கேட்டு, லிஃப்ட்காரர் மறுநாள் சுகாதாரத் துறை அதிகாரியம்மாள் லிஃப்டில் ஏறியபோது வாயைத் திறந்தார். பல வருடமாக அந்த அம்மாளை ஏற்றி இறக்கியவர் அதுவரை ஒன்றும் கேட்டதில்லை. "இதுக்கென்னப்பா, செத்தவங்களோட போட்டுடறேன். நிழலா பாத்துப் படுத்துக்கச் சொல்லு" என்றார் அந்த அம்மாள். லிஃப்ட்காரருக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "ஊர்ல எல்லா அப்பாவும் பொண்ணுக்கு வேலைக்கு சிபாரிசு பண்ணுவாங்க. நீ சாவுக்குப் பண்ணியிருக்கே."

ஒத்திகை எதற்கென்றால், ஒரே குண்டில் ஊரையே தூக்கிவிடக்கூடிய ஆயுதங்கள் உலகத்தில் பெருகிவிட்டன என்றும், அவற்றில் ஒன்று என்றைக்காவது இந்த ஊர்மேல் விழும் என்றும் மேலிடத்தில் நம்பினார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக ஒத்திகை நடத்தியது. காவல் துறை ஓடு என்றது, தீயணைப்புத் துறை தரையோடு தரையாகப் படு என்றது, சுகாதாரத் துறை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு என்றது, வானிலைத் துறை காற்று அடிக்கும் திசையைப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது. சொன்ன பேச்சைத் தட்டாத ஒரு குடும்பம் வாசல்படியில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் படுத்து, கால்களை மட்டும் ஓடுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். இனி இப்படிக் கூடாது என்று ஆறாம் மாடியில் ஒருங்கிணைப்புக் குழு ஒன்று ஏற்பட்டது. தலைவராக வந்தவர் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார். அதனால் கட்டடம் முழுக்க அவருக்குப் பார்க்கலாம் சார் என்றே பெயர். துறைகளைக் கூட்டி உட்காரவைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் சார்பில் ஒரு சொல் சொல்ல அதிகாரம் இல்லை.

ஒத்திகையைத் தொடங்க ஒரு சங்கு போதும் என்றும், முடிக்க நான்கு துறைகளும் ஆளுக்கொரு சங்கு ஊதிச் சரி சொல்ல வேண்டும் என்றும் குழு முடிவு செய்தது. நல்ல முடிவு என்று எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். கீழே இறங்கும்போது லிஃப்டில்கூட அந்தப் பேச்சுதான். சுகாதாரத் துறை சரி சொல்ல வேண்டுமானால் காற்றில் விஷமில்லை என்று தீயணைப்புத் துறை சொல்லியிருக்க வேண்டும். தீயணைப்புத் துறை அதைச் சொல்ல, காற்று திரும்பிவிட்டது என்று வானிலைத் துறை சொல்ல வேண்டும். வானிலைக்காரர்கள் தெருவில் கருவி வைத்துப் பார்க்காமல் சொல்ல மாட்டார்கள். தெருவைக் காவல் துறை திறந்துவிட வேண்டும். காவல் துறை தன் ஆட்களைத் தெருவில் இறக்க, உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று சுகாதாரத் துறை சொல்ல வேண்டும். இது வட்டம் என்பது அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் ஒருவர் இருப்பதைப் பார்த்துத் தைரியமாக இருந்தார்கள். ஒத்திகையன்று நாலு துறையும் அடுத்தவர் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன. ஓடியவர்களும் ஒளிந்தவர்களும் பசியெடுத்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காயம்பட்டவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செத்தவர்கள்தான், எழுந்திரு என்று சொன்னால் எழுந்திருக்கலாம் என்று கிடந்தார்கள்.

மறுநாள் காலையில் நகரசபைப் பெயிண்டர் ஒருவர் வாளியும் தூரிகையுமாக வந்து, வண்டி ஏறிவிடாமல் இருக்க அவர்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டார். கோடு போடுவதற்கு யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த விஷயத்தில் அந்த ஊரில் அப்படி நடந்த ஒரே வேலை அதுதான்.

லிஃப்ட்காரரின் மனைவி மருந்துக் கடைக்காரரிடம் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டு மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் குடை பிடித்தது மழைக்காக அல்ல. வெயில் முகத்தில் விழுந்தால் மகளுக்குப் பிடிக்காது. லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்து சற்று நேரம் நிற்பார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் அந்த சிபாரிசைப் பற்றிச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை, ஆனால் அது ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள்போல உட்கார்ந்திருந்தது. முதல் வருடத்தில் ஒருநாள் மட்டும் அவள், "உங்க ஆபீஸ்ல சரின்னு ஒரு வார்த்தை சொல்ல அத்தனை மாடி ஏறணுமா?" என்று கேட்டாள். கூட்டம் நடக்கிறது, அடுத்த கூட்டத்தில் முடிந்துவிடும் என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

கூட்டங்கள் நடக்கத்தான் செய்தன. நான்கு துறை அதிகாரிகளையும் பார்க்கலாம் சாரையும் லிஃப்ட்காரர்தான் ஏற்றினார், இறக்கினார். ஏறும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பார், இறங்கும்போதும் பார்ப்பார். நல்ல மனிதர்கள்தான். சுகாதாரத் துறை அம்மாள் அவரைக் காணும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். ஒருமுறை, மேலிடமே எழுந்திருக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தால் என்ன என்று கேட்டு எழுதினார்கள். துறைகள் ஒருமனதாகக் கேட்டால் கட்டளை கொடுப்பதில் தடையில்லை என்று பதில் வந்தது. இதற்கிடையில் பழைய ஒத்திகை முடியாமல் புதிய ஒத்திகை தொடங்கக் கூடாது என்பதால் ஒத்திகைகளே நின்றுபோயின. உண்மையான குண்டு வந்தால் என்ன செய்வது என்பது ஊரில் ஒருவருக்கும் நினைவில்லாமல் போனது. கோட்டைச் சுற்றிப் பேருந்து வளைந்து போகப் பழகியது. சதுக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாடின. பந்து கோட்டுக்குள் போய்விட்டால் மெதுவாக, காலணியைக் கழற்றிவிட்டு எடுத்து வந்தன. சொல்லாமலே எல்லோருக்கும் அந்த வழக்கம் வந்துவிட்டிருந்தது. மகளோடு படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் இன்னும் பத்தொன்பது வயதுதான். சளி மட்டும் கேட்டது, மூச்சு விடும்போது லேசாகக் கரகரவென்று.

பிறகு தீயணைப்புத் துறைக்கு வெளியூரிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். வந்த முதல் வாரம் சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்தார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, நேரே நிலையத்துக்குப் போய்த் தன் துறையின் சரிச் சங்கை ஊதிவிட்டார். ஊதியது காலை நேரம். படுத்திருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். எழவில்லை, கண்ணை மட்டும் திறந்து, மீதி மூன்று சங்குக்காகக் காத்துக்கொண்டு கிடந்தார்கள். லிஃப்ட்காரருக்கும் சங்கு கேட்டது. லிஃப்டை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும் என்றுதான் கால் துடித்தது. அதற்குள் மற்ற மூன்று அதிகாரிகளும் அவசரமாக வந்து ஏறினார்கள். இவர்களைச் சீக்கிரம் மேலே சேர்த்துவிட்டால் சீக்கிரம் சரி சொல்லிவிடுவார்கள் என்று எண்ணி அவர் லிஃப்டை ஓட்டும் கைப்பிடியைத் திருப்பினார். அன்று முழுக்க அவர் நகரவில்லை, அவர்கள் எந்த நேரத்தில் இறங்குவார்களோ என்று. பொழுது சாயும்வரை மேலே நடந்தது, வானிலைத் துறையைக் கேட்காமல் தீயணைப்புத் துறை எப்படி ஊதலாம் என்ற விவாதம். வெளிச்சம் போனதும் சதுக்கத்தில் கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவி குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். மடக்கி ஸ்டூலில் சாய்த்துவிட்டுச் சொன்னாள். "கண்ணைத் தொறந்தா. என்னைப் பாத்தா. அப்புறம் உங்களைத் தேடினா."

இளம் அதிகாரியை எங்கோ காட்டுப் பகுதிக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு நிதானமான ஒருவர் வந்தார்.

அடுத்த கூட்டத்தன்று நான்கு அதிகாரிகளும் பார்க்கலாம் சாரும் ஏறியதும் லிஃப்ட்காரர் கம்பிக் கதவைச் சாத்தினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், முன்னால் வெறும் சுவர் மட்டும் தெரியும் இடத்தில், கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ரிப்பேராப்பா?" என்றார் பார்க்கலாம் சார்.

"இல்ல சார். நான்தான் நிறுத்தினேன்."

காவல் துறை அதிகாரி, "யோவ், யார்கிட்ட விளையாடறே?" என்று முன்னால் வந்தார். லிஃப்ட்காரர் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். யார் முதலில் சொல்வது என்பதுதானே தகராறு, நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் முதல் என்று யாரும் இல்லையே என்றார். சங்குகூட வேண்டாம், வாயால் சொன்னால் போதும். தான் மூன்று எண்ணுவதாகவும், மூன்றில் எல்லோரும் சேர்ந்து சரி என்று சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவ்வளவு நீளமாக அவர் அந்த லிஃப்டுக்குள் பேசியதே இல்லை.

பிறகு சுகாதாரத் துறை அம்மாள், "சொல்லிடலாமே. இதுல என்ன இருக்கு" என்றார். லிஃப்டுக்குள் காற்றே இல்லாததால் திசைபற்றிய சிக்கல் எழவில்லை என்று வானிலைக்காரர் ஒத்துக்கொண்டார். நிதானமான தீயணைப்பு அதிகாரி தலையசைத்தார். காவல் துறை அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எண்ணுய்யா" என்றார். பார்க்கலாம் சார் முதல் முறையாக, "ஆமா, எண்ணு" என்றார்.

லிஃப்ட்காரர் எண்ணினார். மூன்று என்று சொன்னபோது நான்கு பேரும் மூச்சை உள்ளே இழுத்திருந்தார்கள். நான்கு பேர் உதட்டிலும் அந்தச் சொல் வந்து நின்றது. அவர் கண்ணால் பார்த்தார். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் குரல் எழும் அந்த ஒரு நொடிக்காகக் காத்தார்கள். குரல் எழவில்லை. "இன்னொரு தடவை எண்ணுப்பா" என்றார் அந்த அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். யாருக்கும் மனசில்லாமல் இல்லை. அதுதான் அவரைக் கலங்கடித்தது. கெட்டவர்களாக இருந்திருந்தால் காலில் விழலாம், சண்டை போடலாம், சாபம் விடலாம். அந்த மௌனத்தில் யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை. கடைசியில் அவர் கைப்பிடியைத் திருப்ப, லிஃப்ட் ஆறாம் மாடிக்குப் போனது. அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர்மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. புகாரில் நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் மகளைப் பற்றி அலுவலகத்தில் யாரிடமும் பேசவில்லை. ஓய்வு பெற்றார், பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் லிஃப்ட் வந்தது. நாள் முழுதும் சதுக்கத்துக்கு வர ஆரம்பித்தார். மனைவி ஸ்டூலில் இருப்பாள், அவர் கோட்டுக்கு வெளியே தரையில் உட்காருவார். வெகுகாலம் நின்றே வேலை பார்த்த முதுகு, வலி எடுத்தது. ஒருநாள் முற்பகல், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சற்று முதுகை நீட்டலாம் என்று கோட்டைத் தாண்டி மகளுக்குப் பக்கத்தில் படுத்தார். அவள் மூச்சின் கரகரப்பு காதுக்கு அருகில் கேட்டது. வானம் பெரிதாக இருந்தது, அதில் எந்தக் குண்டும் இல்லை. மனைவி, "எந்திரிங்க, வெயில் ஏறுது" என்று கூப்பிட்டது கேட்டது. எழுந்திருக்கலாம் என்றுதான் நினைத்தார். யாராவது சரி என்று சொன்னால் எழுந்துவிடலாம் என்று தோன்றியது.

மனைவி இரண்டாம் முறை கூப்பிடவில்லை. ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, குடையின் நிழல் இரண்டு முகத்திலும் விழும்படி சாய்த்துப் பிடித்தாள்.

மழைக்காலம் முடிந்து, கோட்டைப் புதுப்பிக்கப் பெயிண்டர் வழக்கம்போல வாளியோடு வந்தார். ஒரு கணம் தூரிகையைக் கையில் பிடித்தபடி நின்று, ஸ்டூலில் இருந்த லிஃப்ட்காரரின் மனைவியைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்கண்ணே. காலை நீட்டித்தான் படுப்பாரு" என்றாள் அவள்.

அவர் தள்ளிப் போட்டார். அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.