முழுக்கு எடுத்தவளின் இடம்

என் தம்பி ஜெபின் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறான். எங்கள் அம்மா ரோஸ்மேரி செத்த காலையிலேயே அவனுடைய தோஸ்துகள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். படத்துக்கா பஞ்சம்? அந்தப் புத்திசாலிகள் தேடி எடுத்தது, காசிமேட்டுக் கடலில் வெள்ளை அங்கியோடு அம்மா முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த படம்.

ராயபுரத்து ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று அம்மா ஆஸ்பத்திரியில் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த ஆலயத்தில் முன் நாலு பெஞ்சும் வண்ணாரப்பேட்டைக் கடைக்காரக் குடும்பங்களுக்கு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா சாகும்வரை கடைசி வரிசையில்தான் ஜெபித்தார். ஐந்து வருஷத்துக்கு முன் முட்டிவலி தாங்காமல் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவை எழுப்பிவிட்டார்கள். மறுவாரமே தண்டவாளத்தோரத்து ஜெபவீட்டுக்குப் போய்விட்டாள், அவர்கள் முறைப்படி முழுக்கும் எடுத்தாள். அங்கே எல்லோருக்கும் பாய்தான். ஆனால் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவது பாவம் என்றார் அந்த பாஸ்டர். நவம்பர்தோறும் கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறைக்குப் போவதை அவளும் விட்டாள், நாங்களும் விட்டோம்.

நான் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். இங்கிலாந்து வரலாறு எடுக்கிறேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன் அங்கேயும் அந்தஸ்துப்படிதான் பெஞ்சு. ராஜா மதத்தை மாற்றினால் ஏழை ஜனம் செத்தவர்களுக்காக ஜெபிப்பதையும் நிறுத்த வேண்டும். பொறுக்காமல், பணக்காரர்கள் பொது நிலத்தை வளைத்துப் போட்ட வேலியைப் பிடுங்கியவர்களைத் தூக்கில் போட்டார்கள். இதையெல்லாம் மார்க்குக்காகச் சொல்லிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். இது என் வீட்டுக் கதையும்தான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை, நான் படித்த லட்சணம் அப்படி.

அம்மாவின் பெட்டியோடு நூறு பேர் போனோம். தோட்டத்துக் கேட்டில் பூட்டு. ஆலயக் கமிட்டிச் செயலர் தவசிமுத்து அண்ணாச்சி குறுக்கே நின்றார்.

"பேனரைப் பாத்தேன் கரோலின். முழுக்கு எடுத்தவங்க பேரு சபைப் பதிவேட்டுல கிடையாது. உள்ள இடம் தர முடியாதும்மா."

"இன்னா அண்ணாச்சி, எங்க நைனா உள்ள படுத்துகினு கீறாரு. எங்கம்மா ரோட்லயா கெடக்கும்?" என்றான் ஜெபின்.

"சட்டம்னா சட்டம்தான் தம்பி."

வெயில் ஏறியது. ஒரு மணி நேரம் கெஞ்சினேன், அவர் காலைக்கூடத் தொட்டேன். "போலீசுக்குச் சொல்லியாச்சு" என்றார். எனக்குள் ஏதோ அறுந்தது. "உடைங்கடா!" என்று கத்தினேன். வகுப்பில் குரல் உயர்த்தாத நான்தான். ஜெபினின் லாரியிலிருந்து ஜாக்கி ராடு வந்தது. நாலே அடியில் பூட்டு தெறித்தது. அப்பாவோடு மூட்டை தூக்கிய துறைமுகத்து ஆட்கள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அல்லேலூயா சொல்லி ஓடினார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

வேப்பமரத்தடியில் அப்பாவின் சிமென்ட் சிலுவை இல்லை. அந்த இடத்தில் கறுப்பு கிரானைட் கல்லறை. அதில் அண்ணாச்சியின் மூத்த அண்ணன் பெயர், மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. அண்ணாச்சி பயந்தது முழுக்குக்கு அல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

ஜெபின் ராடை ஓங்கினான். "யாரும் வர்றதில்லையேம்மா. கேக்க ஆளில்லன்னு நெனச்சோம்" என்றார் அண்ணாச்சி, என் முகத்தைப் பார்க்காமல். நாங்கள் வரவில்லைதானே. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குழி வெட்டும் செங்குட்டுவனிடம், "எங்கப்பா எங்க?" என்று கேட்டேன்.

அவர் பின்சுவர் ஓரத்தைக் காட்டினார். "பழைய எலும்புங்கள அங்கதாம்மா கொட்டுவோம். அல்லாத்தையும் ஒண்ணா."

"அங்கயே தோண்டுங்க."

போலீஸ் வேன் வந்து நின்றது. ஜெபினையும் இன்னும் எட்டுப் பேரையும் ஏற்றினார்கள். அண்ணாச்சி தடுக்கவில்லை, செங்குட்டுவன் நிறுத்தாமல் வெட்டினார். மூன்றடியில் எலும்புகள் வரத் தொடங்கின. எது அப்பா என்று தெரியவில்லை. எதையும் ஒதுக்காமல் அவற்றின் மேலேயே அம்மாவை இறக்கினோம்.