மாதா புடவையில் ஒரு மயில்கழுத்துப் பட்டை

என் புருஷன் செய்த பெட்டியை என் தறியிலிருந்து கழற்றச் சொல்லி எனக்கே வக்கீல் நோட்டீஸ் வந்தது. வந்த கோபத்தில் உலையில் அரிசி போட மறந்துவிட்டேன். வெறும் தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

அது என்ன பெட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டுப் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒருத்தர் தறியில் உட்கார்ந்தால், கரை நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவைத் தள்ள எதிர்ப்பக்கம் இன்னொருத்தர் வேண்டும். எனக்கு என் நாத்தனார் அன்புச்செல்வி உட்கார்ந்தாள். அவள் செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். மாசச் சம்பளம், தெருமுனைக்கே பஸ். நானாக இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் என் தறி நின்றுபோனது.

என் வீட்டுக்காரர் அமல்ராஜ் தறி மெக்கானிக். சைக்கிள் பிரேக் கம்பி, தையல் மெஷின் ஸ்பிரிங், உடைந்த பலகை என்று எதையெதையோ வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் தறிக்கடியில் கிடந்தார். "இன்னாங்க, துன்னுட்டாவது பண்ணுங்க" என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. ஒரு நாள் காலையில் "மிதி" என்றார். மிதித்தேன். எதிர்ப்பக்கம் ஒருத்தரும் இல்லை. கரையோரம் அவர் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து குட்டி நாடா தானாகக் கிளம்பி, கரைக்குள் பாய்ந்து, என் இழையைக் கவ்விக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது. திரும்பக் கொண்டுவர இன்னொரு மிதி. அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "ஐயோ, மாதாவே!" என்று கத்தினேன். அவர் மூக்கில் கிரீஸோடு சிரித்தார்.

எங்கள் தெருவில் தறிக்குப் புதிதாக எதை மாட்டினாலும் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டோம். தெருவே பார்க்க வரும். வருகிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்து ஒரு நிறத்தில் நூல் கொண்டுவந்து, உட்கார்ந்து, விரல் அகலத்துக்கு நெய்துவிட்டுப் போவார்கள். 'கை போடுவது' என்போம். எதிர்வீட்டுச் சிவசங்கரி கத்திரிப்பூ நிறம் போட்டாள். முத்துவேல் அண்ணன் அரக்கு போட்டார். எங்களுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்கிக்கொள்ளும் கடை முதலாளி தருமனும் வந்தார். தறியில் உட்கார்ந்தே பழக்கமில்லாத மனுஷன். ஆனாலும் மயில்கழுத்து நூல் வாங்கிவரச் சொல்லி ஆசையாக உட்கார்ந்தார். அவர் நெய்த பட்டையில் கரை குடித்துவிட்டு நடந்த மாதிரி போனது.

"முதலாளி, நேரா ஓட்டுங்க, பள்ளத்துல உட்டுடப் போறீங்க" என்றேன். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

இத்தனை நிறம் கலந்த புடவையை யாருக்கு விற்பது? செப்டம்பர் தேரில் எங்கள் கோயில் மாதாவுக்குச் சாத்தினோம். தேர் போனதை வீடியோ எடுத்து அப்போதே யூடியூபில் போட்டார்கள். பெட்டியையும் கேட்டவர்களுக்கெல்லாம் இவர் செய்து கொடுத்தார்.

சில வருஷம் போனது. பிறகு வந்ததுதான் அந்த நோட்டீஸ். பெட்டி தன்னுடைய கண்டுபிடிப்பு என்று தருமன் காப்புரிமை வாங்கியிருந்தார். மாட்டியிருக்கிற ஒவ்வொரு தறிக்கும் அவருக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழற்ற வேண்டும். தெருவில் பாதிப் பேர் பயந்து கழற்றிவிட்டார்கள். சிவசங்கரி தன்னுடையதைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டாள்.

என் அக்கா மகள் நான்சி சென்னையில் இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிற வக்கீல். ஓடி வந்தாள்.

"சித்தப்பா, செஞ்சவுடனே ஏன் பதிவு பண்ணல?"

"செஞ்சவுடனே எல்லாருக்கும் காட்ட வாணாமா?" என்று இவர் திருப்பிக் கேட்டார்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஊருக்கே காட்டிட்டு அப்புறம் போயி காப்புரிமை கேட்டா செல்லாது. உங்களுக்கு இனிமே கெடைக்கவே கெடைக்காது. ஆனா அதே கதிதான் அவருக்கும். அவரு மனு போடறதுக்கு முன்னாடியே இத ஊர் பாத்துச்சின்னு காட்டணும். வாய்ல சொன்னா பத்தாது."

"மாதா புடவை கீதே" என்றேன்.

விஷயம் எப்படியோ தருமன் காதுக்குப் போய்விட்டது. சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். "அமலு, எதுக்குப் பேஜாரு? பாதி உம்பேருக்கு எழுதித் தரேன். ஊரெல்லாம் தறி ஓடுது, யோசிச்சுப் பாரு. நீ மட்டும் கேஸு கீஸுன்னு போவாத."

பாதி என்றதும் எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. பொய் சொல்வானேன். ஒழுகுகிற கூரை ஞாபகம் வந்தது. செஞ்சது இவர், பலன் இவருக்கு வரக் கூடாதா? வாயைத் திறக்கப் போனேன்.

இவர் முந்திக்கொண்டார். "சிவசங்கரி வூட்டுப் பொட்டிய மாட்டுனது நானு. இப்ப நானே போயி காசு குடுன்னு எப்புடி கேக்கறது முதலாளி?" அவருக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். "நாளைக்கு கோயில்ல அந்தப் புடவைய எடுக்கறோம். நீங்களும் வாங்களேன், நீங்களும் கை போட்டதுதானே."

எதிராளியை இப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தடுக்கலாம் என்று நினைத்தோ என்னவோ, தருமனும் வந்தார்.

கோயில் கூடத்து நீள மேசையில் புடவையை விரித்தோம். அடேயப்பா! என் தறியில் நெய்ததுதான், சாத்தியவளும் நான்தான். ஆனால் இப்படி முழுசாக விரித்து வெளிச்சத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. கத்திரிப்பூ, அரக்கு, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை என்று எங்கள் தெருவே வரிசையாகப் படுத்திருந்தது. எந்தப் பட்டை யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடிந்தது. நான்சி ஓரத்தைத் திருப்பினாள். பின்பக்கம், கரை சேருகிற இடம் நெடுக, எள்ளு மாதிரி பொடிப் பொடி முடிச்சு. ஆள் தள்ளினால் அந்த முடிச்சு விழாது, பெட்டி தள்ளினால்தான் விழும். தருமன் தன் மனுவில் பெருமையாக எழுதியிருந்ததே அந்த முடிச்சைத்தான். "புடவைல முடிச்சு இருக்கு, தேர் வீடியோல தேதி இருக்கு" என்றாள் நான்சி. ஃபோனில் எடுத்துக்கொண்டே போனாள்.

தருமன் மெதுவாகக் கிட்டே வந்தார். சண்டை போட வந்தவர் முகம் அப்படியே மாறிவிட்டது. குனிந்து மயில்கழுத்துப் பட்டையைத் தடவினார்.

"ஏ, இது நான் போட்டது! கோணலப் பாத்தியா!"

"எப்ப போட்டீங்க?" என்று நான்சி ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அமலு மொத மொத பொட்டிய மாட்டுன அன்னிக்கு..."

சொல்லிவிட்டு நின்றார். கை புடவை மேலேயே இருந்தது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. வந்த வழியே போய்விட்டார்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் அவருடைய காப்புரிமை செல்லாது என்று முடிவானது. பெட்டி இனி யாருக்கும் சொந்தமில்லை, இவருக்கும்தான். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. "உலகத்துக்கே தானம் பண்ணிட்டு உக்காந்துகினு கீறீங்களே!" என்று கத்தினேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. செய்தவருக்கு வலிக்காதா?

மறுநாள் காலையில் சிவசங்கரி வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, ஜல்தி வாங்க. அக்கா, நீயும் வா."

பரணிலிருந்த பெட்டியை இறக்கித் தறியில் மாட்டியிருந்தாள். அதில் குடைக் கம்பி ஒன்று புதிதாக வளைந்து நின்றது.

"நோட்டீஸு வர்றதுக்கு முன்னாடியே யோசிச்சு வச்சதுண்ணே. அடுத்தவன் பொருள்ல கை வச்சேன்னு உள்ள தள்ளிட்டா? பயந்துகினு மாட்டவே இல்ல."

உட்கார்ந்து ஒரே ஒரு மிதி மிதித்தாள். நாடா போனது. காலை எடுத்தாள். நாடா தானாகவே திரும்பி வந்தது.

இவர் மண்டி போட்டுவிட்டார். "இன்னொரு வாட்டி" என்றார். போனது, வந்தது. "இன்னொரு வாட்டி தாயி." தறிக்கடியில் தலையை விட்டு அந்தக் குடைக் கம்பியையே பார்த்தார். "எனக்குத் தோணவே இல்லியே! எப்புடிம்மா தோணிச்சு?" இத்தனை வருஷமும் இந்த யோசனை பரண் இருட்டில் கிடந்ததே என்று நான் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன்.

எழுந்து எங்கள் வீட்டுக்கு ஓடினார். கையில் கிடைத்த சிவப்பு நூலோடு திரும்பி வந்து, அவள் தறியில் உட்கார்ந்து கை போட்டார். ஊர்த் தறியையெல்லாம் சரிசெய்கிற மனுஷன்தான், ஆனாலும் கரை தாறுமாறாகத்தான் போனது. கண்ணில் தண்ணீர் நிற்கும்போது எப்படி நேராகப் போகும்?